ஒழுங்கையில் நிற்கும் படை

ஆயிரம் பேரை நூறு பேர் வெல்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகம் எனக்கும் பிடித்திருக்கிறது என்பதுதான் கொஞ்சக் காலமாக உறுத்துகிறது. தங்கையின் மகன் இராச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து விளையாடுகிற 'மெடீவல் 2: டோட்டல் வார்' பழைய விளையாட்டு, 2006 நவம்பரில் வெளிவந்தது. அவன் அப்போது பிறக்கவே இல்லை. யாரோ பாவித்துக் கைமாறி வந்த கணினி, புது விளையாட்டுகளைத் தாங்காது. இதைத் தாங்கும், ஆனால் சூடேறி இரையும். மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, எங்களை வேர்க்க வைத்துவிட்டு, அவன் ஐரோப்பாவைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஐரோப்பா, வட ஆபிரிக்கா, எருசலேம், பக்தாத் என்று படம் விரியும். நாங்கள் இருக்கிற பக்கத்துக்கு அது வரவே வராது. பலமான நாட்டை அவன் எடுப்பதில்லை. ஸ்கொத்லாந்து மாதிரி ஓரத்தில் கிடக்கிற ஒன்றை எடுப்பான். படையையும் வேண்டுமென்றே சுருக்கி வைத்திருப்பான். சமபலமான சண்டை வந்தால் கணினியே தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழும்பிப் போவான். எதிரி மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்றால்தான் கதிரையை முன்னுக்கு இழுப்பான். "மாமா, இப்ப பாருங்க." நானும் பார்ப்பேன். படுக்கப் போயிருக்க வேண்டிய மனிதன், கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன், மிலான்காரன் ஓடுவானா வெனிஸ்காரன் ஓடுவானா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எதிரி பெருகியிருக்க, தன் பக்கத்துச் சாவு குறைந்திருக்க வென்றால் விளையாட்டு அதற்கு 'வீர வெற்றி' என்று பட்டம் கொடுக்கும். பெரிய படை சிறிய படையை நசுக்கினால் அந்தப் பட்டம் இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதும் இல்லை. சிறியவன் வென்றால் நியாயமே வென்றுவிட்டது என்று நாம் ஏன் அத்தனை கெதியாக நம்பிவிடுகிறோம்? குறைவாக இருப்பது எப்போது ஒரு தகுதியானது?

அவனிடம் இருக்கிற வித்தை ஒன்றே ஒன்று: இடத்தை ஒடுக்குவது. வெட்டவெளியில் மோதினால் பெரிய படை சுற்றி வளைத்துவிடும். ஆகவே ஆற்றங்கரைக்குப் போய், பாலத்தின் இக்கரை வாயில் ஈட்டிக்காரரை அரைவட்டமாக நிறுத்துவான். பாலத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு பேர்தான் ஒரு நேரத்தில் வரலாம். பின்னால் நிற்கிற எண்ணூறு பேரும் அந்த நேரத்துக்கு வெறும் சனக்கூட்டம். பாலம் கிடைக்காவிட்டால் ஊருக்குள் போவான். மதிலை அவன் காப்பதே இல்லை. வாசற்கதவை அவர்கள் இடித்துத் தள்ளி உள்ளே வரட்டும் என்று விட்டுவிடுவான். உள்ளே வந்து தெரு முதன்முதலாகத் திரும்புகிற இடத்தில், இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கிற இடத்தில், ஈட்டி பிடித்த ஊர்க்காவலர் மூன்று வரிசை. அவர்களுக்கும் முன்னால், விளையாட்டிலேயே மிக மலிவான படைப்பிரிவு. அதற்குப் பெயரே குடியானவர்கள். கவசமில்லை, பயிற்சியில்லை. அவர்களுடைய வேலை கொஞ்ச நேரம் சாகாமல் இருப்பது. அந்த நேரத்துக்குள் குதிரைகள் பின்பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் போய் எதிரியின் முதுகில் இறங்க வேண்டும். திரையின் அடியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சீட்டு, சீட்டில் ஓர் எண். குடியானவர் சீட்டில் எண் விழுந்துகொண்டே வரும். அவன் அதைப் பார்ப்பதில்லை. எதிரியின் கொடியைப் பார்ப்பான். ஏனென்றால் இந்த விளையாட்டில் படைகள் செத்துத் தோற்பதில்லை, பயந்துதான் தோற்கின்றன. முதுகில் அடி விழுந்தால், தளபதி சரிந்தால், பக்கத்துப் பிரிவு கலைந்தால், மனம் உடைந்து கொடி வெள்ளையாகும். ஒன்று வெள்ளையானால் அடுத்ததும் ஆகும். பிறகு அத்தனை பேரும் தாங்கள் இடித்த அதே வாசலால் வெளியேற முண்டியடிப்பார்கள். கொலையில் பெரும்பங்கு அப்போதுதான் நடக்கும், சண்டையில் அல்ல. நம்முடைய புறத்திணையில் எருமை மறம் என்று ஒரு துறை உண்டு. தன் படை உடைந்து பின்வாங்கும்போது, துரத்தி வருகிற படையை ஒருவன் தனியே நின்று தாங்குவது அது. தானாக நின்றால் எருமை மறம். கொண்டுவந்து நிறுத்தப்பட்டவனுக்குத் துறை ஏதும் வகுத்ததாக நான் படிக்கவில்லை.

இதெல்லாம் கணக்காகவும் எழுதப்பட்டிருக்கிறது. பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், மோட்டார் வண்டி செய்தவர், முதலாம் உலகப் போர்க் காலத்தில் அதைச் செய்தார். 1916இல் புத்தகமாக வந்தது. வெளியில் நின்று ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுடுகிற சண்டையில், எண்ணிக்கை தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது என்கிறார் அவர். பத்துப் பேரும் ஆறு பேரும் மோதினால் மிஞ்சுவது நான்கு பேர் என்றுதான் எவரும் சொல்வார். இல்லை. பத்தின் வர்க்கம் நூறு, ஆறின் வர்க்கம் முப்பத்தாறு, கழித்தால் அறுபத்து நான்கு, அதன் மூலம் எட்டு. ஆறு பேரும் சாக, பத்துப் பேரில் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். இனி அந்த ஆறு பேரும் தலைக்கு இரண்டு பேருக்குச் சமமான வீரர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியில் அந்தத் திறமை வர்க்கமாவதில்லை, ஒருமுறைதான் பெருகும்: முப்பத்தாறின் இருமடங்கு எழுபத்திரண்டு. நூறுக்கு எட்டாது. அப்போதும் தோல்வி. அதே ஆறு பேரை ஒரு வாசலுக்குள் நிறுத்தி, ஒருவருக்கு ஒருவராய் வர வைத்தால் வர்க்கம் மறைந்துவிடும்; ஆறின் இருமடங்கு பன்னிரண்டு, எதிரில் பத்து. வெற்றி. இன்னொரு வழியும் இருக்கிறது. எட்டுப் பேர் பத்துப் பேரை வெளியில் எதிர்கொண்டால் அழிவார்கள். பத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொண்டால் எட்டின் வர்க்கம் அறுபத்து நான்கு, ஐந்தின் வர்க்கம் இரண்டு தரம் ஐம்பது. எட்டுப் பேர் வெல்வார்கள், சுமார் நான்கு பேர் மிஞ்சவும் செய்வார்கள். இதை நான் கொப்பியில் எழுதிக் காட்டியபோது மருமகன் "இது எனக்குத் தெரியும்தானே" என்றான். அவனுக்கு வர்க்கமூலம் வராது, கை அறிந்திருந்தது. எனக்கோ சமன்பாடு அழகாக இருந்தது, பல ஆண்டுகளாக எந்தச் சமன்பாட்டிலும் காணாத அழகு. சிறிய படை பிழைக்க வேண்டுமென்றால் திறமை மட்டும் போதாது, தைரியம் போதவே போதாது, இடுக்கு வேண்டும். அந்த வரியை எழுதிவிட்டு அதற்கு மேலே எழுத முடியாமல் இருந்தேன். இடுக்கு என்பது வெறும் நிலமா?

இந்தத் தீவில் இடுக்கின் கணக்கைக் கண்டி அரசர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். போர்த்துக்கேயர் மலைக்கு ஏறிவரும்போது பெரும்பாலும் தடுப்பதில்லை. ஊரை வெறுமையாக்கிவிட்டு உள்ளே விடுவார்கள். திரும்பும் வழியில்தான் காடு மூடிக்கொள்ளும். 1594இல் தந்துரேயில், 1630இல் ரந்தெனிவெலவில், 1638 மார்ச் 28இல் கன்னொறுவவில் அதுதான் நடந்தது. கோணேசர் கோயிலை இடித்துத் திருகோணமலையில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ரந்தெனிவெலவில் விழுந்தான். அவனோடு வந்த லஸ்கரின் என்ற உள்ளூர்ப் படை சண்டைக்கு நடுவே கட்சி மாறிவிட்டது. கன்னொறுவ மகாவலிக்கரை. அந்த மகாவலிதான் கடைசியில் எங்கள் கொட்டியார்க் குடாவில் வந்து விழுகிறது. ஆனால் கன்னொறுவவில் யார் சிறிய படை? களத்தை மட்டும் பார்த்தால் போர்த்துக்கேயர். கொழும்பு, கோவா, மலாக்கா, மக்காவு என்று படத்தை விரித்துப் பார்த்தால் கண்டி. இரண்டும் உண்மை. 1660இல் அதே கண்டியரசின் ஆட்கள் எங்கள் குடாவுக்கே வந்தார்கள். பாய்மரம் முறிந்து பழுதுபார்க்க ஒதுங்கிய 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பலின் தலைவனையும் அவனுடைய மகன் ரொபேட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் நயமாகப் பேசிக் கரைக்கு வரவழைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பலில் பீரங்கி இருந்தது, மரத்தடியில் இல்லை. வெள்ளைக்காரன் மரம் என்று மூதூரில் இப்போதும் அந்த இடத்தைக் காட்டுவார்கள். மகன் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் கிடந்து, 1679இல் அரிப்புக்குத் தப்பிப் போய், 1681இல் புத்தகம் எழுதினான். அதில் கண்டியின் ஒடுங்கிய வழிகளில் போடப்பட்ட முட்கதவுகளைப் பற்றிச் சொல்கிறான். பகைவர் வராமல் காக்கிற கதவுகள். அவனுக்கு அவை வேறாகத் தெரிந்தன. அவன் உள்ளே அல்லவா இருந்தான். பகைவனை உள்ளே விடாத இடுக்கு குடிகளை வெளியேயும் விடாது. படை நூல்கள் இந்தப் பாதியை எழுதுவதில்லை. அதை எழுத ஒரு கைதி வேண்டியிருந்தது.

எங்கள் ஊரான சம்பூரில் ஒழுங்கைகளுக்குக் குறைவில்லை. பத்திரகாளி அம்பாள் கோயிலடியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும், வேலிக்கும் வேலிக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகுமளவுக்கு மணல் வழி. எதிரே மாடு வந்தால் நாம் படலைக்குள் ஒதுங்க வேண்டும். வளவுக்கு வளவு கிணறு, பனை, ஒரு மூலையில் எருமை கட்டிய இடத்தின் சேறு. படை நடத்துகிறவனின் கண்ணால் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்: முதல் வளைவில் மூன்று வரிசை நிறுத்தலாம், பின்பக்கத்துக்குக் கடற்கரைச்சேனைப் பக்கத்தால் சுற்றிவர வழியுண்டு. இப்படி நினைக்க முடிகிறது என்பதே கூச்சமாக இருக்கிறது. விளையாட்டில் மருமகன் ஊர்த் தெருவுக்குள் சண்டையை இழுத்துப் போகும்போது வீடுகள் எல்லாம் வெறுமை. கதவு திறக்காது, கிணற்றில் வாளி கிடக்காது. அந்த வீட்டுச் சுவர் வெறும் சுவர், படையின் பக்கவாட்டைக் காக்கிற சுவர். இடுக்கு என்று சமன்பாடு கேட்பது நிலத்தில் பெரும்பாலும் மனிதர் நெருக்கி நெருக்கிக் கட்டிக்கொண்ட இடம்தான்: தெரு, பாலம், துறை, கோயில் வாசல், குளக்கட்டு, அணை. 2006 ஜூலையில் மாவிலாற்றின் அணைக் கதவு மூடப்பட்டதில்தான் கிழக்கின் போர் மறுபடி பற்றிக்கொண்டது. ஒரு வாய்க்காலின் வாய் அது. சம்பூரோ படத்தில் இன்னொரு காரணத்துக்காகப் பெரிதானது. குடாவின் தென்கரையில் இருக்கிற இந்த ஊரிலிருந்து பீரங்கி அடித்தால் திருகோணமலைத் துறைமுகத்துக்கு எட்டும். துறைமுகம் எட்டினால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற படைக்கப்பல் எட்டும். ஏப்ரல் 25ஆம் திகதியே விமானங்கள் வந்துவிட்டன. செப்டம்பர் 4ஆம் திகதி ஊர் இராணுவத்தின் கையில் விழுந்தது. அதற்குள் சனம் பாட்டாளிபுரம், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று ஒவ்வொரு இடுக்காகத் தாண்டி வாகரைப் பக்கம் போயிருந்தது. வெருகல் ஆற்றில் காத்து நின்றவர்களுக்குத் தெரியும், ஒடுங்கிய துறையில் எண்ணிக்கை எப்படி வெறும் சனக்கூட்டமாகும் என்று. நவம்பர் 8இல் கதிரவெளியில், மூதூர் கிழக்கிலிருந்து போனவர்கள் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மருமகனின் விளையாட்டு உலகத்துக் கடைகளுக்கு வந்ததும் அந்த நவம்பரில்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடர்பு இருப்பதாகக் காட்ட நான் விரும்பவும் இல்லை. ஆனால் திகதிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, நான் கணக்கு வாத்தியார், கண் அங்கே போகிறது.

குறைவாக இருப்பது தகுதியா என்ற கேள்விக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. திருகோணமலை மாவட்டத்தில் எந்த இனமும் பாதியைத் தொடவில்லை. 2012 குடிசன மதிப்பீடும் அதைத்தான் காட்டியது. முஸ்லிம்கள் அதிகம், அடுத்து தமிழர், அடுத்து சிங்களவர். ஆனால் மூன்று பேரிடமும் போய்ப் பேசிப் பாருங்கள், மூவரும் தாங்கள்தான் சிறிய படை என்பார்கள், மூவரும் பொய் சொல்லவில்லை. தமிழர் தீவின் படத்தை விரிப்பார்கள். சிங்களவர் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் சேர்த்து விரிப்பார்கள். முஸ்லிம்கள் இரண்டு படத்திலும் தங்களைத் தேடிக் காணாமல், 2006 ஆகஸ்டில் மூதூர் நகரத்துக்குள் புலிகள் புகுந்து, இராணுவத்தின் எறிகணைகள் விழுந்து, தாங்கள் கந்தளாய்க்கு ஓடிய வழியைக் காட்டுவார்கள். அந்த நாட்களில் மூதூரில் கொல்லப்பட்ட பதினேழு தொண்டுப் பணியாளர்களை எந்தப் படத்தில் எண்ணுவது என்று எனக்குத் தெரியாது. ஆனையிறவு இதைவிடக் கூர்மையான உதாரணம். இரண்டு நீரேரிகளுக்கு நடுவே நூலாகக் கிடக்கிற நிலம், தீவிலேயே பெயர்பெற்ற இடுக்கு. 1991 ஜூலையில் சில நூறு படையினர் அங்கே முற்றுகைக்குள் அகப்பட்டுத் தாக்குப்பிடித்தார்கள். புலிகள் இரும்புத் தகடு போர்த்தி அனுப்பிய புல்டோசரில் ஏறிக் குண்டை வெடிக்க வைத்துச் செத்த காமினி குலரத்னவுக்கு இன்று அங்கே நினைவுச்சின்னம் நிற்கிறது. 2000 ஏப்ரலில் அதே இடத்தில், எண்ணிக்கையில் குறைந்த புலிகள், குடாரப்பில் தரையிறங்கி, இயக்கச்சியின் நன்னீர்க் கிணறுகளைப் படையினருக்கு எட்டாமல் செய்து, பெரிய படைத்தளத்தை வீழ்த்தினார்கள். ஒரே இடுக்கு, இரண்டு வீர வெற்றிகள். ஒன்று தெற்கின் பாடப்புத்தகத்துக்குப் போனது, மற்றது எங்கள் வாய்க்கு வந்தது. 2000இல் அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குள் ஓடியது, இப்போது மடிக்கணினியின் முன்னால் ஓடுவதே. அதே சுகம், அதே இடத்தில், நெஞ்சுக்குச் சற்றுக் கீழே. அது நியாயத்தைப் பற்றிய சுகம் என்று அப்போது நினைத்திருந்தேன். மிலான்காரன் வென்றாலும் வருகிறது என்றால் அது எதைப் பற்றியது? நியாயம் எங்கள் பக்கம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நியாயம் இருந்திருந்தால் எண்ணிக்கை பெருகியிருந்தாலும் இருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன். எண்ணிக்கை அதற்குச் சாட்சி சொல்ல வரக்கூடாது.

பழைய ஆட்கள் இந்தச் சுகத்தை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் எதிர்கொண்டது ஏழு பேரை: சேரன், சோழன், வேளிர் ஐவர். ஆளோ சின்னப் பையன். புறநானூற்றில் இடைக்குன்றூர்கிழார் அந்தப் பையனைப் பார்த்துத் திகைத்துப் போகிறார். கால் சதங்கையைக் கழற்றி நாளாகவில்லை, அதற்குள் தேரில் ஏறி நிற்கிறவன் யார் என்று கேட்கிறார். வந்தவர்கள் எத்தனை பேர், பொழுதோ சிறிது என்ற கணக்கும் அவர் பாட்டில் வருகிறது. எனக்கு அந்தப் பாட்டுகளைப் படிக்கும்போது மயிர்க்கூச்செறியும், இன்றும். ஆனால் அதே நெடுஞ்செழியனுக்குத்தான் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சி பாடினார். பத்துப்பாட்டில் மிக நீளமான பாட்டு, 782 அடி, வென்றவனிடம் நிலையாமையைச் சொல்வதற்காக எழுதியது. அதில் அவன் படை போன நாடுகள் வருகின்றன. விளைந்த வயல் கருகி, குடிகள் பெயர்ந்து, மாடு நின்ற இடத்தில் காட்டு விலங்கு புகுந்து, நாடாயிருந்தது காடாய்ப் போனதைப் புலவர் அரசனின் முகத்துக்கு நேரே சொல்கிறார். புகழ்ச்சியா, குத்தலா? உரைகாரர் புகழ்ச்சி என்பார்கள். 2015க்குப் பிறகு சம்பூருக்குத் திரும்பி வந்தவர்கள் அந்த அடிகளை வேறு மாதிரிப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஊருக்குள் நுழைந்தபோது ஒழுங்கை எது, வளவு எது என்று தெரியவில்லை. வேலி இல்லாத இடத்தில் ஒழுங்கை எப்படி இருக்கும்? பற்றையை வெட்டிக்கொண்டு போய், கிணற்றுக் கட்டு காலில் தட்டுப்பட்ட பிறகுதான் இது நம்முடைய காணி என்று ஆயிற்று. ஊரில் முளைத்திருந்த மரங்களின் தடிப்பைப் பார்த்தே எத்தனை மாரி போனதென்று சொல்லலாம்போல இருந்தது. உயர் பாதுகாப்பு வலயம், நிலக்கரி மின்னிலையம், கைத்தொழில் வலயத்துக்கென்று எடுத்த 818 ஏக்கர், பாடசாலைக்குள் கடற்படை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வேறு வேறு படங்கள் எங்கள் ஊரின் மேல் விரிக்கப்பட்டிருந்தன. இந்தியாவின் என்.டி.பி.சி.யோடு சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி ஆலை 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதற்குப் பதில் சூரிய மின்னிலையத்தைத் தொடக்கிவைத்தார்கள். எல்லாவற்றிலும் சம்பூர் என்று பெயர் இருந்தது, சனம் இல்லை. நெடுஞ்செழியன் அந்த அடிகளைக் கேட்டு என்ன செய்தான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பரிசு கொடுத்திருப்பான்.

மருமகனோடு நான் வாதாடியதில்லை. அவனுக்கு இது வெறும் கைத்திறன், நான்தான் பாரம் ஏற்றுகிறேன். விளையாடுகிறவனுக்கு ஊர் சொந்தமல்ல, அதனால் அவன் அதைக் கெடுக்கவும் முடியாது. இந்தச் சுதந்திரம்தான் விளையாட்டு என்றால் அதில் எனக்குக் குறையில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் முன்னால் அவன் சேமித்து வைப்பான். குதிரைகள் பிந்தினால், ஈட்டி வரிசை ஒரு கணம் முந்திக் கலைந்தால், பட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவான். செத்த குடியானவர்கள் எழும்பி முன்வரிசையில் நிற்பார்கள். கடைசியில் வருகிற வீர வெற்றிக்கு அடியில், அழித்துவிட்ட தோல்விகள் கிடக்கும், எத்தனை என்று அவனுக்கே தெரியாது. நம்முடைய வெற்றிக் கதைகளும் அப்படித்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று தோன்றுகிறது. பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது நமக்கு ஒப்பிக்க வரும். அந்த ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படைத்தலைவன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததை வென்றவர்கள்தான் கல்லில் வெட்டிவைத்தார்கள். அந்தக் கல்லும் நமக்கு வன்னியனின் வீரத்துக்குச் சாட்சியாகிவிட்டது. பரவாயில்லை, தோற்றவனுக்குக் கல்லாவது மிஞ்சியது. அவனோடு அந்த இரண்டு மாதமும் காட்டில் கிடந்த ஆட்களின் பெண்டு பிள்ளைகள் எங்கே சமைத்தார்கள் என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

அண்மையில் ஓர் இரவு அவன் ஒரு நகரத்தைப் பிடித்தான். தற்காப்பல்ல, அவனே போய்ப் பிடித்தது, அதுவும் குறைந்த படையோடு. வாசலுக்குள் நின்றவர்களை வெளியே இழுத்து, இரண்டாகப் பிரித்து, எட்டுக்கு ஐந்து, எட்டுக்கு ஐந்து என்று என் கொப்பியில் இருந்தபடியே. வென்றதும் திரையில் மூன்று தெரிவுகள் வந்தன: கைப்பற்று, கொள்ளையிடு, கொன்றொழி. ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை பேர் சாவார்கள், எவ்வளவு பொன் கிடைக்கும் என்ற கணக்கு. இதுவரை நான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. சண்டை முடிந்ததும் எழும்பிப் படுக்கப் போய்விடுவேன். அவன் முதலாவதை அழுத்தினான். எப்போதும் அதைத்தான் அழுத்துவானாம். மனம் குளிர்ந்து, ஏன் என்று கேட்டேன். "கொன்டா ஊர் சத்தமில்லாமக் கிடக்கும் மாமா, ஆனா வரி வராது. இப்பிடி விட்டா சனம் கலகம் செய்யும், கொஞ்சம் படையை உள்ளுக்க வைக்க வேணும். அவ்வளவுதான்." ஊர்க்காவலர் சீட்டு இரண்டை நகரத்துக்குள் இழுத்துவிட்டான். எவ்வளவு காலத்துக்கு அந்தப் படை அங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். நாலைந்து சுற்றுப் போனால் சரியாகிவிடும் என்றான். அந்த விளையாட்டில் ஒரு சுற்று என்பது இரண்டு ஆண்டு.